வெலிங்டனிலிருந்து வாட்டர்லூவுக்கு: ஐந்து நாள் குறிப்புகள்

முதல் நாள், ப்ரஸ்ஸல்ஸ்

எங்கள் ஊரின் பெயர் வெலிங்டன். குன்னூருக்குப் பக்கத்தில், ராணுவ முகாமை ஒட்டிய ஊர். பக்கத்தில் இருக்கும் ஜெகதளா கிராமத்தின் பெயரைத் திரித்து ஜாக்கதல்லா என்றுதான் வெள்ளைக்காரர்கள் முதலில் அழைத்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். பள்ளிக்கூடம், தபால் முத்திரை, ரேஷன் கார்டு எல்லாவற்றிலும் அந்த மனிதரின் பெயரைச் சுமந்துகொண்டு வளர்ந்தவன் நான். 1815-ல் அவர் நெப்போலியனை ஜெயித்த வாட்டர்லூவை ஒரு நாள் நடந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை எட்டாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. இந்த அக்டோபரில்தான் கைகூடியது.

சித்தி மகன் ப்ரஸ்ஸல்ஸில் வேலை பார்க்கிறான். அவன் வீட்டில்தான் தங்கல். "மூணு வருஷமா இங்க இருக்கேன் அண்ணா, அந்தப் பக்கம் ஒரு தடவைகூட போனதில்ல" என்றான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காரோடு கூட வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இன்று வெறும் ஊர்சுற்றல்தான். 1815 ஜூன் 15 இரவு ரிச்மண்ட் சீமாட்டி நடன விருந்து கொடுத்த வீடு இருந்த தெருவைத் தேடிப் போனேன். அந்த வீடு இப்போது இல்லை. நெப்போலியன் எல்லையைத் தாண்டி எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டான் என்ற செய்தி அந்த விருந்தின் நடுவில்தான் வெலிங்டனுக்குக் கிடைத்தது. நடனமாடிய அதிகாரிகளில் சிலர் உடை மாற்ற நேரமில்லாமல் பட்டுக் காலுறையோடே போர்முனைக்குப் போனார்கள். மழை தூறிக்கொண்டே இருந்தது. சீக்கிரம் வீடு திரும்பிவிட்டேன்.

இரண்டாம் நாள், ஷார்லெருவா, லின்யி, காத்ர் ப்ரா

போர் நடந்த வரிசையிலேயே போக வேண்டும் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். அதனால் முதலில் தெற்கே ஷார்லெருவா போய், அங்கிருந்து வடக்கே திரும்பினோம். நெப்போலியன் வந்த அதே சாலை.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1814-ல் முடி துறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்ட நெப்போலியன், 1815 பிப்ரவரி 26 அன்று அங்கிருந்து கப்பலேறினான். மார்ச் 1-ல் பிரான்ஸின் தென்கரையில் இறங்கினான், 20-ஆம் தேதி பாரிஸ் அரண்மனையில் இருந்தான். அவனைப் பிடிக்க அனுப்பிய படைகளே அவன் பக்கம் சேர்ந்துகொண்டன. ஐரோப்பிய அரசுகள் திரும்பவும் ஒன்று கூடின. ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் வந்து சேரும் முன் பெல்ஜியத்தில் இருந்த இரண்டு படைகளை, அதாவது வெலிங்டனின் கூட்டுப்படையையும் ப்ளூஷரின் பிரஷ்யப் படையையும், தனித்தனியாக முறித்துவிட வேண்டும். இதுதான் அவன் கணக்கு. ஜூன் 15 அன்று ஷார்லெருவாவில் சாம்ப்ர் ஆற்றைக் கடந்து இரண்டு படைகளுக்கும் நடுவே ஆப்பு மாதிரி நுழைந்தான். நல்ல கணக்குத்தான் அது, முதல் இரண்டு நாள் பலிக்கவும் செய்தது.

லின்யி ஒரு சின்னக் கிராமம். ஊர் நடுவே ஒரு ஓடை. தாண்டிக் குதித்துவிடலாம் என்று தோன்றும் அளவுக்குத்தான் அகலம். ஜூன் 16 மதியம் தொடங்கி இருட்டும் வரை இந்த ஓடைக்காக வீடு வீடாக வெட்டிக்கொண்டார்கள். 72 வயது ப்ளூஷர் குதிரைப்படையைத் தானே நடத்திக்கொண்டு போனபோது குதிரை சுடப்பட்டு விழுந்தது. கிழவர் அதன் அடியில் மாட்டிக்கொண்டார். மேலே பிரஞ்சுக் குதிரைகள் ஓடின, அவரை யாரும் கவனிக்கவில்லை. நெப்போலியன் ஜெயித்த கடைசிப் போர் இது.

பிரஷ்யர்கள் தோற்றார்கள், ஆனால் சிதறவில்லை. கிழக்கே சொந்த நாட்டுப் பக்கம் போகாமல், வெலிங்டனுக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்த வாவ்ர் என்ற ஊரை நோக்கி வடக்கே போனார்கள். தளபதி இன்னும் கிடைக்காத அந்த இரவில், அவருடைய தலைமை அலுவலர் க்னைசெனாவ் எடுத்த முடிவு அது. மறுநாள் நெப்போலியன் ஏறக்குறைய 33,000 பேரைத் தன் தளபதி குரூஷியிடம் கொடுத்து அவர்களைத் துரத்தச் சொன்னான். அதற்குள் நேரம் ஓடிவிட்டது.

காத்ர் ப்ரா என்றால் 'நான்கு கைகள்', நாலுமுக்குச் சாலை. அதே 16-ஆம் தேதி இங்கே நெப்போலியனின் தளபதி மார்ஷல் நெ வெலிங்டனோடு மோதினார். சாலையோரத்து வயலைக் காட்டித் தம்பி கேட்டான், "இவ்வளவு வெட்டவெளில எப்படி அண்ணா ஒளிஞ்சாங்க?" அப்போது இங்கே ஆளுயரத்துக்கு ரை என்னும் தானியப் பயிர் நின்றது. ஸ்காட்லாந்துக் காலாட்படை அந்தப் பயிருக்குள் நின்றபோது எதிரே குதிரைப்படை வருவதே தெரியவில்லை. ஈட்டிக்காரர்கள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் கண்ணில் பட்டார்கள். இப்போது வயலில் பயிர் எதுவும் இல்லை, உழுது போட்டிருக்கிறார்கள். பழுப்பு நிறக் களி கலந்த மண். மழையில் பளபளத்தது.

மூன்றாம் நாள், வாட்டர்லூ ஊரும் சிங்க மேடும்

வாட்டர்லூ ஊரில் போர் நடக்கவில்லை. போர் நடந்தது அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் தெற்கே, மோன்-சேன்-ஜான் மேட்டில். வெலிங்டன் தங்கியிருந்த விடுதி வாட்டர்லூவில் இருந்தது, வெற்றிச் செய்தியை எழுதியதும் அங்கே. அதனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அந்த விடுதி இப்போது அருங்காட்சியகம். வெலிங்டனின் உதவியாளர் அலெக்சாண்டர் கார்டன் கால் எடுக்கப்பட்டு, வெலிங்டனின் படுக்கையிலேயே இறந்தார். அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றேன். வேறு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

அங்கிருந்து சிங்க மேட்டுக்கு. நெதர்லாந்து இளவரசர் தோளில் குண்டடி பட்ட இடத்தில் 1826-ல் முடித்த செயற்கைக் குன்று. நாற்பது மீட்டர் உயரம், 226 படிகள், உச்சியில் 28 டன் இரும்புச் சிங்கம். மேலே ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. கீழே மொத்தப் போர்க்களமும் ஒரு விரிப்பு மாதிரி கிடந்தது.

எனக்கு முதலில் தோன்றியது, இவ்வளவுதானா என்பதுதான். வடக்கே ஒரு லேசான மேடு, நடுவே பள்ளம், தெற்கே இன்னொரு லேசான மேடு. இரண்டுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் சொச்சம். பக்கவாட்டில் நாலைந்து கிலோமீட்டர். எங்கள் ஊர்ச் சரிவுகளோடு ஒப்பிட்டால் இதை மேடு என்றே சொல்ல மாட்டோம். இதற்குள் பிரஞ்சுக்காரர் 73,000 பேர், வெலிங்டனிடம் 68,000 பேர், சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்த பிரஷ்யர் ஏறக்குறைய 50,000 பேர். கூடவே பல்லாயிரம் குதிரைகள், பீரங்கிகள்.

ஆனால் அந்த லேசான மேடுதான் விஷயம். காற்றுக்கு மறைவாக மேட்டுக்கு இந்தப் பக்கம் வீடு கட்டுவதுபோல, வெலிங்டன் தன் ஆட்களை மேட்டின் பின்சரிவில் படுக்க வைத்தார். எதிரே இருந்து பார்த்தால் மேட்டு விளிம்பில் பீரங்கிகளும் கொஞ்சம் ஆட்களும் மட்டும் தெரியும். நாலு மணிக்கு மேல் நெ, எதிரி பின்வாங்குகிறான் என்று நினைத்துக் குதிரைப்படையை ஏவினார். மேடேறி வந்த குதிரைகள் எதிரே பார்த்தது சதுரம் சதுரமாக நின்ற காலாட்படையை. நான்கு பக்கமும் துப்பாக்கி முனைக் கத்திகள். கத்தி வேலிக்குள் குதிரை பாயாது. அலை அலையாக வந்து சுற்றிச் சுற்றிப் போனார்கள். ஒரு சதுரமும் உடையவில்லை. கைப்பற்றிய பீரங்கிகளை முடக்காமலே விட்டுப் போனார்கள், குதிரைகள் திரும்பியதும் அதே பீரங்கிகள் அவர்களைச் சுட்டன. சாயங்காலம் ஏழரை மணிக்கு நெப்போலியனின் கடைசி நம்பிக்கையான பேரரசக் காவல்படை ஏறி வந்ததும் இந்த மேட்டில்தான். பயிருக்குள் படுத்திருந்த வெலிங்டனின் ஆட்கள் அவர்கள் கிட்டே வந்ததும் சட்டென்று எழுந்து நின்று சுட்டார்கள். காவல்படை பின்வாங்குகிறது என்ற குரல் பரவியதும் மொத்த பிரஞ்சுப் படையும் குலைந்தது.

ஒரு வருத்தம். இந்தச் சிங்க மேட்டுக்கு வேண்டிய மண்ணை அந்த மேட்டிலிருந்தேதான் வெட்டி எடுத்தார்கள். வெலிங்டன் ஆட்கள் மறைந்து படுத்த இடத்தின் ஒரு பகுதி இப்போது குன்றாகச் சிங்கத்துக்குக் கீழே இருக்கிறது. நினைவுச்சின்னம் எழுப்பப் போய், நினைவில் வைக்க வேண்டிய நிலத்தையே எடுத்துவிட்டார்கள். எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை.

கீழே இருக்கும் நிலத்தடி அருங்காட்சியகம் மூடும் நேரம் ஆகிவிட்டது. கடைசி நாள் வருகிறேன் என்று திரும்பினேன்.

நான்காம் நாள், ஊகோமோன்

இன்று தனியாக வந்தேன். ரயிலில் ப்ரேன்-லல்லு நிலையத்தில் இறங்கி நடை. ராத்திரி முழுக்க மழை. வயல் ஓரப் பாதையில் பத்து எட்டு வைப்பதற்குள் ஷூவுக்குக் கீழே இன்னொரு ஷூ அளவுக்கு மண் ஒட்டிக்கொண்டது. தட்டினால் விழாது, குச்சியால் சுரண்ட வேண்டும்.

அப்பா குத்தகைக்கு எடுத்து உருளைக்கிழங்கு போட்டிருந்த காலத்தில் மழை விட்ட மறுநாள் தோட்டத்தில் இறங்க விடமாட்டார். "மண்ணு உன்னைப் பிடிச்சுக்கும், நீ மண்ணைக் கெடுப்ப" என்பார். ஜூன் 17 சாயங்காலமும் இரவும் இங்கே கொட்டித் தீர்த்த மழையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த வார்த்தைதான் ஞாபகம் வரும். 18-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, பொழுது விடிந்தும் நெப்போலியன் தாக்கவில்லை. பீரங்கிகளை இந்தச் சேற்றில் இழுக்க முடியவில்லை. அதோடு, அந்தக் காலத்து இரும்புக் குண்டு விழுந்த இடத்தோடு நிற்பதில்லை. காய்ந்த நிலத்தில் பட்டு எகிறி எகிறி வரிசையாக ஆட்களைச் சாய்த்துக்கொண்டு போகும். ஈர மண்ணில் அது அப்படியே புதைந்துவிடும். மண் காயட்டும் என்று காத்திருந்ததில் மணி பதினொன்றரை ஆனது. வாவ்ரிலிருந்து பிரஷ்யர்கள் அதே சேற்றில் இந்தப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் காலை நேரத்தை நெப்போலியனால் திரும்பப் பெறவே முடியவில்லை.

ஊகோமோன் ஒரு பண்ணை. வெள்ளையடித்த சுவர்கள், ஓட்டுக் கூரை, நடுவே முற்றம். ஒரு பக்கம் செங்கல் மதில் போட்ட தோட்டம். வெலிங்டனின் வலது கோடி இது. பிரஞ்சுப் படையின் முதல் தாக்குதல் இங்கேதான், நெப்போலியனின் தம்பி ஜெரோம் நடத்தியது. வேறு பக்கம் இருக்கும் வெலிங்டனின் ஆட்களை இந்தப் பக்கம் இழுப்பதற்கான சின்னத் தாக்குதலாகத்தான் தொடங்கினார்கள். கடைசியில் ஆயிரக்கணக்கான பிரஞ்சுக்காரர்களை நாள் முழுக்க இந்தச் சுவர்களே இழுத்துக்கொண்டன.

வடக்கு வாசலில் வெகுநேரம் நின்றேன். ஒரு மாட்டுவண்டி தாராளமாக நுழையும் அகலம், அவ்வளவுதான். உள்ளே இருந்தவர்களுக்குத் துப்பாக்கி மருந்து வர வேண்டுமென்று இந்தக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். லெக்ரோ என்ற ஆஜானுபாகுவான பிரஞ்சு அதிகாரி கோடாலியோடு வந்து கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார், பின்னால் முப்பது நாற்பது பேர். லெப்டினன்ட் கர்னல் ஜேம்ஸ் மக்டோனல், ஜேம்ஸ் கிரகாம் என்ற சிப்பாய், இன்னும் ஒரு சிலர் தோள் கொடுத்துக் கதவை மூடிக் குறுக்குக் கட்டையைப் போட்டார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பிரஞ்சுக்காரர் அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள், தம்பட்டம் அடிக்கும் ஒரு பையனைத் தவிர. அவனை மட்டும் விட்டுவிட்டார்கள். போரின் முடிவே இந்தக் கதவு மூடியதில்தான் இருந்தது என்று வெலிங்டன் பின்னாளில் சொன்னதாகச் சொல்வார்கள். இப்போது இரண்டு சிப்பாய்கள் உடம்பை வளைத்துக் கதவைத் தள்ளுவது மாதிரி ஒரு சிற்பம் வைத்திருக்கிறார்கள். ஒருவரின் கால், தரையில் வழுக்காமல் இருக்க ஊன்றிய விதத்தைப் பாருங்கள். அந்த ஊன்றலில் சிற்பம் உயிரோடு இருக்கிறது.

மதியம் பிரஞ்சுக்காரர் எறிகுண்டு வீசிப் பண்ணைக்குத் தீ வைத்தார்கள். பெரிய வீடு எரிந்து போனது, இன்றுவரை திரும்பக் கட்டவில்லை. காயம்பட்டுப் படுத்திருந்தவர்கள் பலர் தீயிலேயே போனார்கள். பக்கத்திலிருந்த சின்னத் தேவாலயம் மட்டும் தப்பியது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாதம்வரை வந்து தீ நின்றுவிட்டது. அந்தச் சிலையை 2011-ல் யாரோ திருடிக்கொண்டு போய், பிறகு கண்டெடுத்து, திரும்ப அதே சுவரில் மாட்டியிருக்கிறார்கள். கருகிய பாதத்தை அண்ணாந்து பார்த்தேன். பாதத்தில் பாதி இல்லை.

முற்றத்தில் ஒரு கிணறு. சண்டைக்குப் பிறகு இதில் முன்னூறு உடல்களைப் போட்டதாக ஒரு பழைய கதை. பின்னாளில் தோண்டிப் பார்த்தார்கள். மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை.

அப்படியானால் எங்கே போனார்கள்? அன்று ஒரே நாளில் மூன்று தரப்பிலும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கு மேல் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். குழி தோண்டிப் புதைத்ததை நேரில் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். ஆனால் இருநூறு வருடத்தில் இந்த நிலத்தில் முழு எலும்புக்கூடாகக் கிடைத்தது விரல் விட்டு எண்ணும் அளவுதான். இந்தக் கேள்வியோடே இன்று திரும்பினேன்.

ஐந்தாம் நாள், லெ காயூ, ப்ளான்ஸ்நுவா

தெற்கே, பிரஞ்சுப் பக்கம். லெ காயூ பண்ணைவீட்டில்தான் நெப்போலியன் கடைசி இரவு படுத்தான். அவனுடைய மடக்குக் கட்டில் அங்கே இருக்கிறது. பச்சைத் துணி போர்த்திய சின்னக் கட்டில், நம் வீட்டுத் திண்ணையில் போடும் கட்டில் அளவு. 18-ஆம் தேதி காலை, குரூஷியைத் திரும்ப அழைத்துவிடலாம் என்றார் மார்ஷல் சூல்ட். வெலிங்டனிடம் நீ தோற்றதால் அவனைப் பெரிய தளபதியாக நினைக்கிறாய், இன்றைய வேலை காலைப் பலகாரம் சாப்பிடுகிற மாதிரிதான் என்று நெப்போலியன் பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. சிப்பாய்களின் தளபதி என்று ஐரோப்பாவில் இளக்காரமாகப் பேசப்பட்டவர் வெலிங்டன். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் 1803-ல் அசாயேயிலும் அவருக்குக் கீழே சண்டையிட்ட அந்தச் சிப்பாய்களில் மதராஸ் படைக்காரர்கள் ஏராளம். கிழங்கு விற்ற காசில் படித்த எனக்கு, இந்த இடத்தில் நின்று அந்தப் பெயர் தெரியாத நம் ஆட்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

லெ காயூவிலிருந்து ப்ளான்ஸ்நுவா கிராமத்துக்கு நடந்தேன். சிங்க மேட்டில் பேருந்து பேருந்தாக இறங்கிய கூட்டத்தில் ஒரு ஆள்கூட இங்கே இல்லை. போரின் முடிவு இந்த ஊரில்தான் இருந்தது என்பது என் எண்ணம். நாலரை மணிக்கு ப்யூலோவின் பிரஷ்யப் படை காட்டிலிருந்து வெளியே வந்து இந்த ஊரைத் தாக்கியது. தன் முதுகுக்குப் பின்னால் ஊர் பறிபோனால் திரும்பிப் போகும் சாலையே போய்விடும் என்பதால், கையிருப்பில் வைத்திருந்த படைகளை நெப்போலியன் இங்கே அனுப்ப வேண்டி வந்தது. ஊர் கை மாறியது, மீட்டார்கள், திரும்பவும் போனது. அந்த நேரத்தில்தான், ஆறு மணி சுமாருக்கு, வெலிங்டனின் நடுப்பகுதியில் இருந்த லா ஹே சான்த் பண்ணை விழுந்தது. அதைக் காத்த மேஜர் பாரிங்கின் ஜெர்மன் வீரர்களிடம் தோட்டா தீர்ந்துபோனது. நானூறு பேரில் நாற்பது சொச்சம் பேரே அவரோடு மிஞ்சினார்கள். மேட்டின் நடுவே ஓட்டை விழுந்த நேரம். இன்னும் கொஞ்சம் ஆள் கொடுங்கள் என்று நெ கேட்டனுப்பினார். கொடுக்க ஆள் இல்லை. இருந்தவர்கள் ப்ளான்ஸ்நுவாவின் சந்துகளில் செத்துக்கொண்டிருந்தார்கள். குரூஷியின் 33,000 பேர் தூரத்தில் பீரங்கிச் சத்தத்தைக் கேட்டபடியே வாவ்ரில் வேறு பிரஷ்யர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் பிரஷ்யர்களின் இரும்பு நினைவுத்தூண், உச்சியில் சிலுவை. பக்கத்தில் வயல் ஓரத்தில் சர்க்கரைவள்ளி அளவைவிடப் பெரிய வெள்ளைக் கிழங்குகளை மலை மாதிரி குவித்திருந்தார்கள். சர்க்கரைக் கிழங்கு, பீட்ரூட்டின் வெள்ளைச் சாதி. லாரிக்காகக் காத்திருந்த குவியல். மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகக் குவித்து வைத்த எங்கள் கிழங்குபோலவே இருந்தது, ஒவ்வொன்றிலும் ஈர மண் அப்பிக்கொண்டு.

நேற்றைய கேள்விக்குச் சமீபத்தில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்த பதிலும் இந்தக் கிழங்குதான். போரின் எலும்புகளை அரைத்து உரமாக்கினார்கள் என்பது முன்பே தெரியும். 1830-களில் இந்தப் பக்கம் கிழங்குச் சர்க்கரை ஆலைகள் பெருகின. சாற்றை வெளுக்க எலும்புக்கரி வேண்டும். எலும்புக்கு நல்ல விலை. வாட்டர்லூவிலேயே ஒரு ஆலை வந்தது. புதைகுழி எங்கே என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். தோண்டி எடுத்து விற்றிருக்கிறார்கள். குதிரை எலும்பு, மனித எலும்பு என்று யார் பிரித்துப் பார்த்திருக்கப் போகிறார்கள்?

கடைசியாக நிலத்தடி அருங்காட்சியகம். 2012-ல் சிங்க மேட்டுக்குப் பக்கத்தில் வேலை நடந்தபோது கிடைத்த ஒரு சிப்பாயின் எலும்புக்கூட்டைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். முதுகெலும்பு வளைந்திருக்கிறது, பிறவிக் கூனாக இருக்கலாம். கூனோடும் துப்பாக்கி தூக்கி வந்திருக்கிறான். விலா எலும்புகளுக்கு நடுவே ஈயக்குண்டு, ஒரு கோலிக்குண்டு அளவு. உடலோடு கொஞ்சம் நாணயங்களும் கிடைத்தன. செலவழிக்காத காசு.

நெப்போலியன் அன்றிரவே தப்பிப் போனான். நான்காம் நாள், ஜூன் 22, இரண்டாம் முறையாக முடி துறந்தான். ஜூலை 15-ல் ஆங்கிலக் கப்பலில் ஏறிச் சரணடைந்தான். செயின்ட் ஹெலினாவில் இன்னும் ஆறு வருடம் போல உயிரோடு இருந்து, தன் போர்களைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தான். கண்ணாடிக்குள் இருப்பவன் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும்.

வீடு வந்ததும் தம்பி என் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, "குப்பைத் தொட்டில தட்டிட்டு வரேன் அண்ணா" என்றான். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். கீழே கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம் இருக்கிறது. குச்சியால் சுரண்டி அந்த மண்ணை அங்கே ஒரு செடியடியில் போட்டுவிட்டு வந்தேன்.